காய்கறி ஜூஸ் பிபியைக் குறைக்கும், அதனால்தான் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழின் முதியோர் பக்கத்தில் பிபிக்குக் காய்கறி ஜூஸ் நல்லது என்று வந்த கட்டுரையைப் படித்தேன். பீட்ரூட் ஜூஸ் ரத்த அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே, இது வெறும் காய்கறிதானே, பக்கவிளைவு எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று இன்னொன்று. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்? உள்ளே போய் ரத்தக்குழாயை விரிக்கிற அளவுக்கு ஒரு பொருளுக்குச் சக்தி இருக்கிறது என்றால், ஏற்கனவே அதே வேலைக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் 75 வயதுக்காரர் அதைக் குடிப்பதற்கு முன் யாரையாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஒன்றும் செய்யாது என்றால் எதற்குக் குடிப்பது?

முதல் வரி பொய்யில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஜூஸ் என்றாலே பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நான் இல்லை. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் செய்து 2015-இல் வெளியான ஆய்வில் பிபி உள்ள 64 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதிக்கு 4 வாரம் தினமும் 250 மில்லி பீட்ரூட் ஜூஸ், மறுபாதிக்குப் பார்க்கவும் குடிக்கவும் அதே மாதிரி இருந்தாலும், பீட்ரூட்டில் இயற்கையாகவே உள்ள நைட்ரேட் என்ற பொருள் மட்டும் நீக்கப்பட்ட ஜூஸ். நைட்ரேட் இருந்ததைக் குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 8 புள்ளி வரை இறங்கியது, மற்றவர்களுக்கு இறங்கவில்லை. சில மாத்திரைகள் கொடுக்கும் பலனுக்குப் பக்கத்தில் வரும் அளவு இது. ஆனால் உங்கள் கட்டுரை விட்டுவிட்ட இரண்டு விஷயங்கள் அதே ஆய்வில்தான் இருக்கின்றன. ஒன்று, அதில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் வழக்கமான மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டேதான் ஜூஸையும் குடித்தார்கள், யாரும் மாத்திரையைத் தூக்கிப் போடவில்லை. இன்னொன்று, ஜூஸை நிறுத்திய இரண்டு வாரத்தில் பிபி பழைய இடத்துக்கே போய்விட்டது. 'ஒரு மாதம் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம்' என்று கட்டுரையின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதில் எங்கே இடமிருக்கிறது?

வயதானவர்களுக்கு இது ஏன் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரத்தக்குழாயின் உள்சுவர் தானாகவே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கிக் குழாயைத் தளர்வாக வைத்துக்கொள்கிறது (இதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது). வயது ஏற ஏற அந்த உற்பத்தி குறையும், குழாயும் விறைக்கும், அதனால்தான் பல முதியவர்களுக்குக் கீழ் அளவு சாதாரணமாக இருக்கும்போதே மேல் அளவு மட்டும் 160, 170 என்று நிற்கிறது. பீட்ரூட், பசலைக்கீரை, லெட்டூஸ், செலரி மாதிரியானவற்றில் நிறைந்திருக்கும் நைட்ரேட் இதே வாயுவுக்கு இன்னொரு வழியைத் திறந்துவிடுகிறது. அந்த வழி போவது வாய்க்குள்ளே! குடலில் உறிஞ்சப்பட்ட நைட்ரேட்டில் ஒரு பகுதி திரும்ப உமிழ்நீருக்கு வருகிறது, நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதை நாம் விழுங்கிய பிறகுதான் அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகிறது. ஜூஸைக் குடித்துவிட்டு எச்சிலை விழுங்காமல் துப்பச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள், பிபி இறங்கவில்லை. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2025-இல் வெளியிட்ட ஆய்வில் 60, 70 வயதுகளில் இருந்தவர்களுக்கு இரண்டு வாரம் ஜூஸ் குடித்ததும் பிபி குறைந்தது, 30 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் குறையவில்லை. முதியவர்களின் வாயில் பாக்டீரியாக்களின் கலவையும் நல்ல பக்கமாக மாறியிருந்தது.

அப்படியென்றால் கிருமிநாசினி மவுத்வாஷால் தினமும் இரண்டு வேளை கொப்பளிப்பவர் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு ஜூஸைக் குடித்துக்கொண்டிருக்கிறார். பல் டாக்டர் சொல்லியிருந்தால் நிறுத்தக் கூடாது, அது வேறு. வெறும் வாசனைக்காகக் கொப்பளிப்பவர்கள் யோசிக்கலாம். கேரட், தக்காளி, வெள்ளரி ஆகியவற்றில் நைட்ரேட் குறைவு என்பதால் 'காய்கறி ஜூஸ்' என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைப்பதும் சரியில்லை. ஒரே காயில்கூட மண்ணையும் பருவத்தையும் பொறுத்து நைட்ரேட் அளவு நிறைய மாறும், அதனால் ஆய்வில் கொடுத்த அளந்த ஜூஸும் வீட்டு மிக்ஸியில் அடித்ததும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இனி இரண்டாவது வரிக்கு வருகிறேன், 'பக்கவிளைவு கிடையாது' என்ற அந்த வரிக்கு. பாக்கெட்டில் வரும் காய்கறி ஜூஸில் உப்பு இருக்கும். ஒரு டம்ளரில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ள ஜூஸ்கள் விற்பனையில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. பிபிக்காகக் குடிக்கும் டம்ளரிலேயே நாள் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் என்ன லாபம்? பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி ஒரு வரி போட்டிருக்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் பொட்டாசியம். சாதாரணமாக அது பிபிக்கு நல்லதுதான், உப்பின் வேலையை அது எதிர்க்கிறது. ஆனால் சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களால் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தாளம் தவறும். சிறுநீரகம் பலவீனமாவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும், அதிலும் வருடக்கணக்கில் பிபியும் சர்க்கரையும் உள்ள முதியவர்களுக்கு. பிபிக்கு அதிகம் எழுதித் தரப்படும் டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில், அப்புறம் ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கக் கூடியவை. 100 கிராம் பச்சை பீட்ரூட்டில் 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது, பசலைக்கீரையில் அதைவிட அதிகம், ஒரு டம்ளருக்கு எத்தனை பீட்ரூட் போடுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு சோடியம் குறைந்த உப்பையும் சேர்ப்பவர்கள் உண்டு, அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான். எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற உங்கள் வரியை இவர்களும் படிக்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரை ஜூஸ் ஆரம்பிக்கக் கூடாது, கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு பீட்ரூட், பசலை இரண்டிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற பொருள் அதிகம் என்பது பிரச்சினை. சர்க்கரை நோயாளிகளுக்கு, வடிகட்டும்போது நார்ச்சத்து போய் இனிப்பு மட்டும் மிஞ்சுகிறது. பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள், அது ஒன்றும் செய்யாது. (பீட்ரூட் சாப்பிடாமலே சிவப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.)

எங்கள் வீட்டிலும் பிபி உள்ள பெரியவர் இருக்கிறார், ஜூஸும் குடிக்கிறார். டாக்டர் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் டெஸ்ட் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் ஆரம்பித்தோம். அவரிடம் நான் பார்த்த ஒரு பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜூஸ் குடித்து இரண்டு, இரண்டரை மணி நேரம் கழித்து மெஷினை எடுத்துக் கட்டி, பார் 128 என்று சந்தோஷப்படுவார். பீட்ரூட்டின் பலன் உச்சத்தில் இருப்பதே அந்த நேரத்தில்தான், அதை வைத்து நாள் முழுவதும் பிபி கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியாது. காலையில் மாத்திரைக்கும் ஜூஸுக்கும் முன்னால், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து இரண்டு முறை எடுக்க வேண்டும். முதியவர்களுக்கு எழுந்து நின்ற பிறகும் மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை எடுப்பது நல்லது. நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் தலைசுற்றி விழ வாய்ப்பு இருக்கிறது, அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையோடு ஜூஸும் சேரும்போது இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், பிபி அளவுக்கு மீறி இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதா ஜூஸைக் குறைப்பதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், மாத்திரையை விடலாம் என்ற வரியையும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற வரியையும் திரும்பப் பெறுங்கள். ஜூஸ் செய்முறை அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை, எலுமிச்சை சேர்க்கச் சொன்னது நல்ல யோசனை, உப்பு ஒரு சிட்டிகை என்று போட்டிருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி