'கலக்கிய' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஓ.டி.டி.யில் பார்க்க வேண்டிய நிஜக் குற்றத் தொடர்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் 2019இல் வந்த ஆட்டோ சங்கர் தொடரைப் பற்றி, 'சென்னையையே கலக்கிய ஆட்டோ சங்கரின் பரபரப்பான வாழ்க்கை' என்று ஒரு வரி. படித்ததும் பேப்பரை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கச்சேரியில் நன்றாகப் பாடினால் கலக்கினார் என்று போடுகிறீர்கள். சேப்பாக்கத்தில் ஒரு பையன் சதம் அடித்தால் கலக்கினான் என்று போடுகிறீர்கள். ஆறு பேரைக் கொன்றவனுக்கும் அதே சொல்தானா, ஐயா? கொன்றதோடு விடவில்லை. உடல்களை எரித்தும், வீட்டுக்குள்ளேயே புதைத்தும் மறைத்தவன் அவன்.

நான் 1983லிருந்து முப்பத்தைந்து வருஷம் திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டினேன். எங்கள் ஸ்டாண்டில் உங்கள் பேப்பர்தான் வாங்குவோம். காலையில் முதல் சவாரி வருவதற்குள் ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம். 1988இல் அந்தக் கொலைகள் வெளியே வந்த செய்தியையும் அப்படித்தான் கேட்டோம். படித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். உடல்கள் கிடைத்த பெரியார் நகர் எங்கள் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்களுக்கு. அவன் பெயர் கௌரி சங்கர். ஒரு காலத்தில் ஆட்டோ ஓட்டினான், உண்மைதான். கொலைகள் நடந்த சமயத்தில் சாராயத்திலும் விபச்சாரத் தொழிலிலும் பணம் பார்த்து வசதியாக இருந்தான். ஆனாலும் பத்திரிகைகள் ஒட்டிய அடைமொழி ஆட்டோ. ஏன் சாராய சங்கர் என்று யாரும் எழுதவில்லை? சாராயம் விற்பவர்களுக்குக் கோபம் வந்துவிடும் என்றா? ஆட்டோக்காரன் என்றால் என்ன எழுதினாலும் கேட்க ஆளில்லை என்கிற தைரியம்தானே?

எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் தன் மகன் பெயரை வண்டியின் பின்கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தார். பையன் பெயர் சங்கர். அந்த வருஷம் ஒரு நாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஷேவிங் பிளேடால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. ஸ்டிக்கர் போய்விட்டது, பசை போகவில்லை. மழை பெய்து கண்ணாடியில் தூசு படியும்போதெல்லாம் சங்கர் என்ற எழுத்து மங்கலாகத் தெரியும். அந்த வண்டியை விற்கும்வரை தெரிந்தது.

எனக்கு 1990இல் பெண் பார்த்தார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு பெண்ணின் மாமா, "மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுறாரா, அதுவும் திருவான்மியூர்லயா?" என்று கேட்டார். அந்த இடம் அமையவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் அந்தக் கௌரி சங்கர் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒடிசாவில் ரூர்கேலாவில் பிடிபடும்வரை, இரவில் என் வண்டியை எத்தனை இடத்தில் நிறுத்தினார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. பின்சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். காய்ச்சல்காரக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போதும் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 1990 பொங்கலுக்கே அவன் வழக்கை வைத்து எடுத்த 'புலன் விசாரணை' படம் வந்துவிட்டது. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு சொன்னது 1991 மே மாதம். கோர்ட் முடிப்பதற்குள் தியேட்டரில் முடித்துவிட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஜனங்கள் படத்தையே சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். ஆட்டோவில் ஏறும் பெண்களைக் கடத்திக் கொன்றான் என்பதுதான் இன்றைக்கும் ஊரில் இருக்கிற பேச்சு. நீங்களும் அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் பழைய பேப்பர்கள் இருக்குமே, எடுத்துப் பாருங்கள். கோர்ட்டில் நிரூபணமானது ஆறு கொலை. செத்தவர்களில் ஐந்து பேர் ஆண்கள், ஒருவர் பெண். சவாரிக்குக் கைகாட்டி ஏறிய பயணியைக் கொன்றதாக அவனுக்குத் தூக்கு விதிக்கவில்லை. ஆனால் இருட்டிய பிறகு தனியாக நிற்கும் ஒரு பெண், என் வண்டியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போவதை நான் முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

1995 ஏப்ரல் 27ஆம் தேதி சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அந்த வருஷப் பொங்கலுக்குத்தான் 'பாட்சா' வந்திருந்தது. ரஜினி காக்கிச் சட்டை போட்டு ஆட்டோ ஓட்டி வந்த பிறகுதான் நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சிரிக்காதீர்கள், மனசாரச் சொல்கிறேன். என் மகளும் ஸ்கூல் போகிற வயசு வந்ததும், வெட்கப்படாமல் ஸ்கூல் வாசலில் என் வண்டியில் ஏறினாள்.

இன்னொரு விஷயம். 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சிறையில் அவன் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை தடுத்தது. அதில் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளோடு இருந்த தொடர்பை எழுதியிருந்தான் என்று பேச்சு. வெளியிடும் முன்பே அரசாங்கம் தடுக்க முடியாது என்று கோர்ட் சொன்னது. பத்திரிகைக்காரர்கள் இந்தப் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். ஹைகோர்ட்டுக்குத் தினமும் என் வண்டியில் வந்த வக்கீல் அம்மா மீதியை எனக்குச் சொன்னார். ஒரு மனிதனைத் தனியாக விட்டுவிட வேண்டும் என்ற உரிமையைப் பற்றியும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பலாத்காரம், கடத்தல் மாதிரி கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரைப் பத்திரிகையில் போட்டு மறுபடியும் அவமானப்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. இவன் வழக்கை வைத்தே இத்தனை சொன்ன பிறகும், அதே வழக்கை எடுத்துப் பின்னணி இசை போட்டு, சிவப்பு விளக்கு போட்டுத் தொடர் எடுக்கிறார்கள். செத்துப்போன ஆறு பேர் வீட்டிலும் அண்ணன், தங்கை, பிள்ளை என்று யாராவது இருப்பார்களே? அவர்கள் வீட்டிலும் டி.வி. இருக்குமே? அந்த ஆறு பெயரும் எனக்கு மனப்பாடம். இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

என் பேத்தி போனில் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "தாத்தா, நீங்க அவரைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அவரை என்றாள். ஒரு நடிகரை விசாரிக்கிற மாதிரி கண்ணெல்லாம் வெளிச்சம். அவள்மேல் தப்பில்லை, பதினாலு வயசு. தொடரில் அவன்தான் முக்கியப் பாத்திரம். செத்தவர்கள் ஓரிரு காட்சியில் வந்து போகிறவர்கள்.

எழுத ஆரம்பித்தால் வேறு நிறைய வருகிறது. வங்கியில் ஒருவர் மோசடி செய்தால் 'ஆசாமி கைது' என்று போடுகிறீர்கள். நாங்கள் யாராவது தப்பு செய்தால் 'ஆட்டோ டிரைவர் கைது' என்று தலைப்பிலேயே தொழில் வந்துவிடுகிறது. மீட்டர் போடுவதில்லை என்று வருஷத்துக்கு நாலு தரம் எழுதினீர்கள். 2013இல் அரசாங்கம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று நிர்ணயித்த கட்டணம், பெட்ரோல் எங்கேயோ போன பிறகும் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்ததே, அதற்கு எத்தனை தரம் எழுதினீர்கள்? பின்னால் 'பிரசவத்துக்கு இலவசம்' என்று எழுதி ஓட்டியவன் நான். எழுத்துக்காக எழுதியதில்லை. இரண்டு குழந்தைகள் என் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஐந்தாவது நிமிஷம் பிறந்திருக்கின்றன. ஒரு நாளும் எந்தப் பேப்பரும் வந்து கேட்டதில்லை.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு ஓரத்தில் திருத்தம் போடுங்கள். 'கலக்கிய' என்ற இடத்தில் 'ஆறு பேரைக் கொன்ற' என்று போட்டால் போதும். தொடரின் பெயரை நீங்கள் மாற்ற முடியாது, எனக்குப் புரிகிறது. இனிமேல் அந்த ஆளைப் பற்றி நீங்களாக எழுதும்போது கௌரி சங்கர் என்று மட்டும் எழுதுங்கள்.

இடம் போதாவிட்டால் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். என் பெயரை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. கீழே போட்டிருக்கும் தொழிலை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஆட்டோ ஓட்டுநர் (ஓய்வு),
திருவான்மியூர், சென்னை - 41