கயிறு பிடித்த கைகளுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போன வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் எனக்குச் சால்வை போட்டு, மைக்கையும் கையில் கொடுத்துவிட்டீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. 26 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் மைக்கைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று பேரன் இன்னும் சிரிக்கிறான். மீட்புக் குழுவின் பொறுப்பை இளைய பிள்ளைகளிடம் ஒப்படைத்தாயிற்று. அன்று விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

1983-ல் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் சேர்ந்தேன். ராணுவத்தின் பொறியாளர் படை அது, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றும் சொல்வார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கத்துக் கொல்லைக்காட்டில் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவனுக்கு அது 1780-ல் தொடங்கிய படை என்பதெல்லாம் அப்போது தெரியாது. அந்தப் படையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர் உண்டு: தம்பி. இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரத்துக்குப் போடும் பெய்லி பாலத்தின் ஒரு பேனல், அதாவது ஒரு சட்டம், 10 அடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருத்தன் அவசரப்பட்டால் மற்ற ஐந்து பேருடைய விரல் நசுங்கும். ஆறு பேரும் ஒரே மூச்சில் தூக்கி ஒரே மூச்சில் இறக்கும் வரை எங்களைச் சாப்பிட விடாத ஹவில்தாருக்கு முதல் நன்றி. அன்றைக்கு அவரைத் திட்டாத நாள் கிடையாது.

2004 சுனாமிக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டம் மணக்குடிக்குப் போனோம். கடல் அங்கே பாலத்தையே பெயர்த்துப் போட்டிருந்தது. ராணுவம் பெய்லி பாலம் போட்டது. மக்கள் கைகுலுக்கினார்கள், இளநீர் கொடுத்தார்கள். ஆனால் உயிரோடு மீட்க வேண்டியவர்களையெல்லாம் நாங்கள் போவதற்குள் மீனவர்களே மீட்டு முடித்திருந்தார்கள். சீருடை, லாரி, தளவாடம் எல்லாம் வந்து சேர நேரம் ஆகும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரன்தான் படை. அது மனசில் தைத்துவிட்டது.

2009-ல் நாயப் சுபேதாராக ஓய்வு பெற்று, ஓசூரில் கொஞ்ச காலம் செக்யூரிட்டி வேலை பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஊரில் ஒரு தன்னார்வக் குழு தொடங்கலாம் என்று கிளம்பினேன். குடிமைப் பாதுகாப்பு என்றதும் பெரியவர்களுக்கு 1971 போரில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்த கதைதான் ஞாபகம் வந்தது. 1968-ல் வந்த குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் பேரிடர் வேலையையும் 2009 திருத்தத்திலேயே சேர்த்துவிட்டார்கள் என்று நான் விளக்கினால், "சரிங்க, டீ எப்போ வரும்?" என்பார்கள். முதல் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். பயிற்சிக்கு இடம் கேட்டு ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் அலையவிட்டார்கள். கடைசியில் மாங்காய் மண்டிக்காரர் தன் கொட்டகையைத் திறந்துவிட்டார். சீசன் நேரத்தில்கூட ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த அவருக்கு என்ன கைமாறு செய்வது?

2023 ஜூலை 29-ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கடை வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் உட்கார இடமில்லை. அப்படித்தான் ஆள் சேரும், வருத்தமான விஷயம்.

2024 ஆகஸ்டு 1-ல், நிலச்சரிவில் சிக்கிய வயநாடு சூரல்மலையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிள்ளைகள் 190 அடி பெய்லி பாலத்தை முடித்தபோது, நானே போய்ப் போட்டதுபோல் ஊரே எனக்குப் போன் செய்து வாழ்த்தியது. நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். நாலு மாதத்தில் நம் தலைமேலேயே வந்து இறங்கியது ஃபெஞ்சல் புயல் மழை. டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டர். நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல். சாலையில் நின்ற கார்களும் வேன்களும் காகிதக் கப்பல் மாதிரி போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நம் கீழத்தெருவை எந்த வீடியோவும் எடுக்கவில்லை.

அந்த இரவு நம்மைக் காப்பாற்றியது மகளிர் குழு அக்காக்களின் ஒரு நோட்டு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், எங்கே கர்ப்பிணி, எங்கே கைக்குழந்தை என்று மழைக்காலத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருந்தார்கள். எழுதச் சொன்னது நான். ஆனால் ஒரு மாதம் ஆனதும் நான் மறந்துவிட்டேன். அவர்கள் மாதாமாதம் திருத்திக்கொண்டே இருந்தார்கள். யாரும் கேட்கும் முன்பே டிரான்ஸ்பார்மரை அணைத்த லைன்மேன் தம்பியைப் பற்றி யாருமே பேசவில்லை. தண்ணீரில் மின்சாரம் இருந்திருந்தால் என் கயிறும் முடிச்சும் எதற்கு?

சரி, கயிற்றுக்கு வருகிறேன். இதை ஒளிக்கக் கூடாது. கீழத்தெருவுக்குக் கயிறு கட்ட, தண்ணீர் குறுகலாக ஓடிய இடத்தைத்தான் நான் காட்டினேன். தூரம் குறைவு, சீக்கிரம் கடக்கலாம் என்று கணக்கு. ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் குடைகூட இல்லாமல் நின்றபடி, "அங்க வேணாம் சாமி, அது பழைய ஓடை, ஆள் மட்டம் பள்ளம்" என்றார். வழி குறுகினால் வேகம் கூடும், வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்று மண்டிக் கொட்டகையில் கரும்பலகையில் எழுதிப் போட்டவனே நான்தான். இருட்டும் பதற்றமும் சேர்ந்தால் படித்தது எங்கே போகிறதோ! ஆயா காட்டிய புளியமரத்தடியில் தண்ணீர் பரந்து, முழங்காலுக்குக் கீழே ஓடியது. மரத்திலிருந்து எதிர்க்கரை டிராக்டர் வரை, நீரோட்டம் போகும் பக்கமாகச் சாய்த்துக் கயிறு கட்டினோம். அப்படிக் கட்டினால் தண்ணீரே ஆளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இடுப்பில் கயிறு கட்டாதே, சறுக்கினால் வெள்ளம் ஆளை அமுக்கிவிடும் என்று நான் கத்தியது மட்டும் பயிற்சிப்படி நடந்தது.

நோட்டில் இருந்த 11 பேரையும் கொண்டுவந்து சேர்த்தோம். இரண்டு மூங்கிலில் கோணிப்பை கோத்துச் சிலரைத் தூக்கினோம். இருவரை மட்டும், மூடி இறுக்கிய 200 லிட்டர் ட்ரம் நாலைக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் கட்டி மிதக்கவிட்டோம். கட்டில் கொடுத்த வீட்டில் அன்று தரையும் ஈரம். எங்கே படுத்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. பரோட்டா கடைக்காரர் விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிட்டார். டிராக்டர் அண்ணன் டீசல் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்காரம்மாவுக்கு என்ன எழுதுவது? பட்டாளத்தில் இருந்தபோது கடிதத்துக்குக் காத்திருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் மழை வந்தால் வாசலிலேயே நிற்கிறாள். ஆயாவைக் கூட்டிவந்து அந்தச் சால்வையைப் போர்த்தியவளும் அவள்தான். "உனக்குப் போட்டது தப்பு" என்றாள், சரியாகத்தான் சொன்னாள்.

கடைசியாக ஒன்று. அன்றைய நீல ட்ரம்மில் இரண்டும், 'செ' என்று பெயிண்ட் அடித்த கடப்பாரை ஒன்றும் இன்னும் என் மாட்டுக்கொட்டகையில் கிடக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கயிறு புதுக் குழுவிடம் இருக்கிறது. பந்தல் போட, மாடு கட்ட என்று யாரும் கேட்டு வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சுபேதார் அண்ணன்