புதிய டியூப் ஆம்ப்ளிஃபயரில் ஹம், வி6 டியூப் சிவத்தல்: இரண்டு முறை சர்வீஸ் ஆகியும் தீராதது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில்லில் உள்ளபடி),
சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 40 வாட் டியூப் கிட்டார் காம்போ ஆம்ப்ளிஃபயர் – தயாரிப்புக் குறை – பழுது நீக்கித் தரவோ மாற்றித் தரவோ கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்த ஆம்ப்பில் ஹம் (இடைவிடாத ரீங்கார இரைச்சல்) கேட்கிறது; வி1 முதல் வி6 வரையுள்ள அதன் டியூப்களில் (வெற்றிடக் குழாய்கள்) வி6 சூடேறிச் சிவக்கிறது. ஆம்ப் வாங்கி 47 நாள் ஆகிறது. அதில் 19 நாள் உங்கள் சர்வீஸ் சென்டரில் கிடந்தது. இரண்டு முறையும் ஜாப் ஷீட்டில் "செக்டு, ஓகே" என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். வாய்மொழியாகச் சொன்ன காரணம் இரண்டு: வீட்டில் எர்த் சரியில்லை; டியூப் தேயும் பொருள் என்பதால் கம்பெனி அதற்குப் பொறுப்பில்லை. இரண்டும் ஏன் பொருந்தாது என்பதை அளவுகளோடு எழுதுகிறேன். சேசிஸைத் (சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டி) திறக்கவில்லை, உங்கள் சீல் ஒட்டியபடியே இருக்கிறது. ஆம்ப்பின் அளவுகள் எல்லாம் டியூப் சாக்கெட்டிலும் பின்பக்கப் பயாஸ் முனைகளிலும் (பவர் டியூப்கள் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கும் இடம்) எடுத்தவை.

எர்த் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஃபேஸ்–நியூட்ரல் 232 வோல்ட், ஃபேஸ்–எர்த் 231, நியூட்ரல்–எர்த் 1.4. மல்டிமீட்டர் மட்டும் எர்த்துக்குச் சாட்சி ஆகாது. அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அரைகுறை எர்த்திலும் 230 காட்டும். அதனால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் டெஸ்டரால் அளக்கச் செய்தேன்: 2.1 ஓம். அதே பிளக் பாயின்ட்டில் வேறொரு டியூப் ஆம்ப் சத்தமில்லாமல் ஓடுகிறது. உங்கள் ஆம்ப்பைத் தனி எர்த் போட்ட ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வைத்துப் பார்த்தாலும் அதே ஹம். இன்புட்டில் எதையும் செருகவில்லை. செருகாதபோது ஜாக்கே இன்புட்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுவதால் கிட்டார் பிக்கப், கேபிள், அறையின் லைட் டிம்மர் எதையும் குற்றம் சொல்ல வழியில்லை.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் முறை போனில் பேசிய உங்கள் ஊழியர், "எர்த் பின்னைக் கழற்றிவிட்டு இரண்டு பின்னில் போட்டுப் பாருங்கள், ஹம் போய்விடும்" என்றார். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் ஷீல்டு வழியாக இந்தச் சேசிஸோடுதான் சேர்கின்றன. பவர் டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் விட்டுப்போனால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட் நிற்கும். வாசிப்பவரின் ஒரு கை கம்பியில், உதடு எர்த் உள்ள மைக்கில். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்ஸீ நகரில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தது எர்த் கோளாறால்தான். கம்பெனியின் சார்பில் பேசுகிறவர் இந்த யோசனையை இனி யாருக்கும் சொல்லக் கூடாது. இதை எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

இனி ஹம். இந்த ஆம்ப்பில் இருப்பது இரண்டு ஹம். இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் உங்கள் சர்வீஸ் சென்டரின் முதல் தவறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூபைச் சூடாக்கும் ஹீட்டர் வயரில் இருந்து ஒட்டிக்கொள்வது 50 ஹெர்ட்ஸாகவே கேட்கும்; ரெக்டிஃபயர் தாண்டி டிசி லைனில் மிஞ்சும் ரிப்பிள் (வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) 100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். (உங்கள் கையேட்டின் பழுது பார்க்கும் பக்கம் 60, 120 என்கிறது. அமெரிக்கப் பதிப்பை அப்படியே அச்சடித்திருக்கிறீர்கள்.) காதால் பிரிப்பதும் எளிது. தடித்த ஈ கம்பியில் மூன்றாம் ஃபிரெட் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஹம் அதைவிட ஒரு பொடி மேலே, சுமார் 35 சென்ட் (ஒரு ஃபிரெட் இடைவெளி 100 சென்ட்) தள்ளி நின்றால் 100. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே நின்றால் 50. 50 மொழுமொழுவென்று இருக்கும், 100-இல் வண்டு முரலுவது போன்ற கரகரப்பு சேர்ந்திருக்கும். போனில் உள்ள டியூனரை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தும் பார்த்தேன்.

பெட்டியைப் பிரித்த அன்றே இருந்தது 50 ஹெர்ட்ஸ் மட்டும். கெயின் குமிழைத் திருப்பினால் கூடும், பூஜ்யத்தில் வைத்தால் போய்விடும். சிக்னலை முதலில் பெருக்கும் பிரீ டியூபான வி1-ஐக் கழற்றினால் முழுக்க நின்றுவிடும். அப்படியானால் பிரச்சினை முதல் ஸ்டேஜில். மூன்று வேறு தயாரிப்புகளின் 12ஏஎக்ஸ்7 (அந்தப் பிரீ டியூபின் வகை) போட்டுப் பார்த்தும் மாற்றம் இல்லை. முதல் டியூபில் கூடுதலாக மைக்ரோஃபோனி இருந்தது உண்மை: பென்சிலால் தட்டினால் "டிங்" என்ற ஒலி இரண்டு விநாடி நின்றது. எந்தப் பிரீ டியூபும் தட்டினால் சற்றே சத்தம் போடும். மணி போல நீடித்தால்தான் குறை. ஆனால் அது வேறு சங்கதி, ஹம்முக்குக் காரணம் அல்ல.

காரணம் ஹீட்டர் லைனில் இருக்கிறது. கையேட்டோடு வந்த சர்க்யூட் படத்தில், 6.3 வோல்ட் ஹீட்டர் சுற்றின் இரண்டு முனைகளில் இருந்தும் ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் சேசிஸுக்கு இறங்குகிறது. இரண்டும் இருந்தால் ஒரு வயர் மேலே போகும்போது மற்றது அதே அளவு கீழே இறங்கும், கிரிட்டில் (சிக்னல் நுழையும் டியூபின் மின்முனை) ஒட்டும் ஹம் ஒன்றையொன்று அடித்துவிடும். இதைச் சோதிக்கச் சேசிஸைத் திறக்கத் தேவையில்லை. ஸ்டாண்ட்பை சுவிட்சைப் பிளே நிலையிலேயே விட்டு மெயினை அணைத்தேன்; சூடாக இருக்கும் டியூப் வழியாகவே ஃபில்டர் கபாசிட்டர்கள் இறங்கிவிடும். பிளக்கை உருவி, ஆறவிட்டு, வி6-ஐக் கழற்றி, முதலில் உயர் வோல்டேஜ் வரும் 3-ஆம் காலுக்கும் சேசிஸுக்கும் டிசி வோல்டேஜ் பார்த்தேன்: 1 வோல்ட்டுக்குக் கீழ். அதன் பிறகு ஹீட்டரின் 2-ஆம் காலுக்கும் சேசிஸுக்கும் ஓம் அளந்தேன், ஹீட்டரின் மறுமுனையான 7-ஆம் காலுக்கும் அளந்தேன். (டியூப் செருகும் பக்கத்தில் இருந்து பார்க்கையில் எண்கள் சாவிப் பள்ளத்திலிருந்து இடஞ்சுழியாக ஓடும். இதைத் தலைகீழாக எண்ணி 3-இல் கை வைப்பவர்கள் உண்டு.)

டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் இரண்டு 100 ஓமும் இணையாகி, எந்தக் காலில் அளந்தாலும் 50 ஓம் வர வேண்டும். இங்கே வந்தது 2-இல் 99.7, 7-இல் 99.8. இரண்டில் ஒரு ரெசிஸ்டர் சேரவே இல்லை. டிரை சால்டராக (சரியாகப் பிடிக்காத சால்டர்) இருக்கலாம், கால் ஒடிந்திருக்கலாம். உங்கள் டெக்னீஷியன் திறந்து, ஆன் செய்து ஏசி வோல்டேஜ் அளந்தால் பக்கத்துக்கு 3.15 வருவதற்குப் பதிலாக ஒரு பக்கம் 6.3-ஐ ஒட்டியும் மறுபக்கம் பூஜ்யத்தை ஒட்டியும் காட்டும். ஐந்து நிமிட வேலை. 19 நாளில் யாரும் மீட்டரை அங்கே வைக்கவில்லை.

100 ஹெர்ட்ஸ் ஹம் உங்கள் சர்வீஸ் சென்டரின் கைங்கரியம். முதல் முறை நான் கொண்டுபோனது மேலே சொன்ன ஹம்முக்கும், வி6-இன் பிளேட் (டியூபுக்குள் இருக்கும் உலோகத் தகடு) 20 நிமிடத்தில் செக்கச் செவேலென்று சிவப்பதற்கும். ஜாப் ஷீட்டில் "6எல்6 – 1 எண் மாற்றப்பட்டது" என்று இருக்கிறது. ஜோடியாகப் பொருத்தி வந்த இரண்டு பவர் டியூபில் ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களா? ஒரு ஹம்மோடு போன ஆம்ப் இரண்டு ஹம்மோடு திரும்பி வந்தது. புதிய ஹம் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அப்படியே கேட்கிறது, ரிவெர்பைக் குறைத்தாலும் அப்படியே. பவர் டியூப்களுக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டரான வி4-ஐக் கழற்றிய பிறகும் மாறவில்லை. ஆகவே அது பவர் டியூப்களிலோ பவர் சப்ளையிலோ பிறக்கிறது.

பின்பக்கப் பயாஸ் முனைகளில் 1 மில்லி வோல்ட் என்பது 1 மில்லி ஆம்பியர். பழைய டியூப் வி5-இல் 23, நீங்கள் போட்ட புதியது வி6-இல் 44. இரண்டையும் இடம் மாற்றினேன்: வி5-இல் 44, வி6-இல் 23. அளவு டியூபோடு போகிறது, சாக்கெட்டோடு நிற்கவில்லை. ஆகவே இந்த வித்தியாசம் டியூப்களுடையது. இரு பவர் டியூபும் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் அவுட்புட்டில் டிசி லைனின் ரிப்பிள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதியிலும் எதிரெதிராக ஓடி ரத்தாகும், இரு டியூபும் சமமாக இழுத்தால் மட்டும். இரவல் வாங்கிய ஒரு பொருத்திய ஜோடியைப் போட்டதும் 34, 35 வந்தது. அந்தக் கரகரப்பும் காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு இறங்கியது. ஃபில்டர் கபாசிட்டரில் பெரிய குறை இருந்திருந்தால் டியூபை மாற்றியதும் இவ்வளவு இறங்கியிருக்க வாய்ப்புக் குறைவு.

ஆனால் அந்த இரவல் ஜோடியிலும் வி6 சிவந்தது. 18-ஆவது நிமிடத்தில் மீட்டர் 35-இல் இருந்து 92-க்குத் தாவியது. கண்ணாடிக்குள் பிளேட்டின் மடிப்பில் முதலில் நாணய அளவுக்கு மங்கலான செம்புள்ளி. பத்து விநாடியில் அது பட்டையாகப் படர்ந்தது. உடனே ஸ்டாண்ட்பை போட்டேன். கையேட்டில் உள்ள பிளேட் வோல்டேஜ் 430. ஸ்கிரீன் (டியூபின் இன்னொரு மின்முனை) மின்னோட்டத்துக்குச் சில மில்லி ஆம்பியர் கழித்தாலும் அது 35 வாட்டுக்கு மேல். 6எல்6ஜிசி தாங்குவது 30 வாட். சும்மா நிற்கையில் 70 சதவீதம், அதாவது 21 வாட்டுக்குள் வைப்பதுதான் வழக்கம்.

மூன்று வெவ்வேறு டியூப்கள் வி6-இல் சிவந்தன. வி5-இல் அவற்றில் ஒன்றுகூடச் சிவக்கவில்லை. இங்கே குறை சாக்கெட்டில். டார்ச் அடித்துப் பார்த்தால் மற்ற ஓட்டைகளில் கவ்வி நெருக்கமாக இருக்கிறது, 5-ஆம் ஓட்டையில் மட்டும் வாய் பிளந்து நிற்கிறது. 5-ஆம் கால் கன்ட்ரோல் கிரிட்; டியூபின் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் நெகட்டிவ் பயாஸ் அந்தக் கவ்வி வழியாகத்தான் டியூபுக்குப் போகிறது. சூட்டில் கவ்வி இன்னும் விலகியதும் பயாஸ் அறுந்து, கடிவாளம் போன குதிரை மாதிரி டியூப் முழு மின்னோட்டத்தையும் இழுக்கிறது. டியூபை லேசாக அசைத்தால் மீட்டர் மறுபடி 35-க்கு வருகிறது. "டியூப் தேயும் பொருள்" என்ற பதில் இங்கே செல்லாது. இந்தச் சாக்கெட் இருக்கும்வரை எத்தனை டியூப் போட்டாலும் அத்தனையும் சாகும்.

கடைசியாக ஃபியூஸ். பின்பலகையில் அச்சிட்டிருப்பது டி1.6ஏ, அதாவது மெதுவாக உருகும் 1.6 ஆம்பியர். இரண்டாம் சர்வீஸ் முடிந்து வந்தபோது உள்ளே இருந்தது 5 ஆம்பியர். டியூப் சிவக்கும் ஆம்ப்பில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்ததால் பெரிதாகப் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த ஃபியூஸ் போவதற்கு முன்னால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருக்கும். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குச் சரியான ஃபியூஸ் வாங்கிப் போட்டுவிட்டேன். உங்கள் 5 ஆம்பியரைக் கவரில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன்.

நான் கேட்பது: விடுபட்ட 100 ஓம் இணைப்பைச் சரிசெய்து இரு பக்கமும் 50 ஓம் வருவதைக் காட்ட வேண்டும். வி6 சாக்கெட்டையே மாற்ற வேண்டும். கவ்வியை நெம்பி இறுக்கி ஒப்பேற்றுவது வேண்டாம். பொருத்திய 6எல்6ஜிசி ஜோடி ஒன்றும் மைக்ரோஃபோனி இல்லாத 12ஏஎக்ஸ்7 ஒன்றும் போட்டு, பயாஸ் செட் செய்து, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இரு டியூபின் மில்லி ஆம்பியர் அளவையும் ஜாப் ஷீட்டில் எழுதித் தர வேண்டும். இதைச் செய்ய முடியாவிட்டால் புதிய ஆம்ப் கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சர்வீஸ் சென்டரில் கிடந்த 19 நாளையும் வாரண்டியில் கூட்டித் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதன் பிறகும் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு இரண்டும் அதில் இடம்பெறும்.

ஆம்ப்பை எடுத்துப்போக வருபவர் தலைகீழாகத் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். டியூப்களைக் கழற்றித் தனி அட்டைப்பெட்டியில், வி1 முதல் வி6 வரை எண் எழுதி வைத்திருக்கிறேன்.

இணைப்பு: பில் நகல், இரண்டு ஜாப் ஷீட் நகல்கள், மீட்டர் அளவுகளின் படங்கள், வி6 சிவக்கும் காணொளி, 5 ஆம்பியர் ஃபியூஸ்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்