ஷோஃபர்

தம்பிக்கு,

நாங்கள் சுகம். அனுப்பின மிளகாய்த்தூள் கிடைத்ததா என்று அம்மா கேட்கச் சொன்னா. ட்ரொன்ஹெய்மில் இப்போது நல்ல குளிராக இருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று வேலையிடத்தில் கொங்கோவிலிருந்து வந்த ஒரு புதுச் சாரதியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். இங்கே நோர்வேயில் சாரதிக்குச் சொல்கிற ஷோஃபர் என்றால் பிரெஞ்சில் சூடாக்குகிறவன் என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் உண்மைதான். நீராவி இயந்திரத்துக்குக் கரி அள்ளிப் போடுகிறவனுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். 1873இல் அமெதே பொல்லே என்பவர் லெ மான் ஊரில் 12 பேர் ஏறக்கூடிய ஒரு நீராவி வண்டி செய்தார். ஓட்டுகிறவர் முன்னால், நெருப்பைப் பார்க்கிறவன் பின்னால். பிறகு பெற்றோல் வந்து கரி போய்விட்டது. பெயர் மட்டும் போகாமல் ஓட்டுகிறவனோடு ஒட்டிக்கொண்டது. நோர்வேக்காரர் அதை வாங்கி, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைத் தூக்கி எறிந்துவிட்டு, தலையில் வட்டம் வைத்த எழுத்தும் குறுக்கே கோடு கிழித்த எழுத்தும் போட்டுத் தங்கள் சொல்லாக்கிவிட்டார்கள். நான் இப்போது ஓட்டுவதோ மின்சாரப் பஸ். பற்ற வைக்க அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நான் ஷோஃபர்தான்.

நீ மூன்றாம் வகுப்பில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதினாய். எனக்கு அப்போது அப்படி எழுதத் தெரியாது. இப்போதும் யாராவது உன் படிப்பைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து நின்றுதான் பதில் சொல்கிறேன். ஆனால் நீ ஒரு சொல் சொன்னால்தானே நான் சொல்வதற்கு? மெசேஜுக்கு ஒரு கட்டைவிரல் படம் பதிலா?

சின்னம்மாவின் மகன் போன கிழமை வந்தபோது ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன். அவன் சொல்லி நான் கேட்க வேண்டியதில்லை. உனக்கு எது சரியோ அதைச் செய். காசு தேவை என்றால் சொல். குளிருக்குக் காதை மூடு.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அம்மா பத்து மணிக்குக் கோயிலுக்குப் போவா, இரண்டு மணிக்கு முன் வரமாட்டா. அந்த நேரம் கோல் எடு.

அப்பா