பெயர் தெரியாத அந்த ஓட்டுநர் அண்ணாவுக்கு

அர்ஜென்டினாவின் தெற்கே, அர்ஜென்டினோ ஏரிக்கரையில் எல் கலஃபாத்தே என்று ஒரு சின்ன ஊர். பெரிட்டோ மொரேனோ பனியாறு அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். நீளம் 30 கிலோமீட்டர், முகப்பு மட்டும் 5 கிலோமீட்டர் அகலம். பனிச்சுவர் உடைந்து விழும்போது இடி இடித்த மாதிரி சத்தம். அதைப் பார்க்கத்தான் அம்மாவைக் கூட்டிப் போனேன்.

பார்வை மேடைக்கு இறங்கும் நடைபாதை முழுக்கப் படிகள். திரும்பி ஏறும்போது அம்மாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. படகோனியா என்கிற அந்தத் தென்பகுதியின் காற்று வேறு, ஆளைத் தள்ளியது.

நீங்கள் எங்கள் வண்டி ஓட்டுநர்கூட இல்லை. மேலே உங்கள் பயணிகளுக்காகக் காத்திருந்தவர், எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தீர்கள். உங்கள் ஜாக்கெட்டை அம்மாவின் தோளில் போட்டு, கையைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏற்றினீர்கள். அவசரப்படுத்தவே இல்லை. நீங்கள் ஸ்பானிஷில் பேச, அம்மா தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் எல்லாம் புரிந்தது போலத்தான் இருந்தது! வண்டியில் உட்காரவைத்து, உங்கள் பிளாஸ்கிலிருந்து மாத்தே என்கிற அந்த ஊர் இலைத் தேநீரை ஊற்றிக் கொடுத்தீர்கள். கசப்பு தாங்காமல் அம்மா முகம் சுளித்ததும் சிரித்துக்கொண்டே சர்க்கரை போட்டீர்கள்.

பணம் நீட்டினேன், கையாலேயே மறுத்துவிட்டீர்கள். பெயர் கேட்பதற்குள் உங்கள் பயணிகள் வந்துவிட்டார்கள்.

அண்ணா, அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். அந்த ஊருக்குப் போகிறவர்கள் யாராவது, நரைத்த மீசையும் நீலத் தொப்பியுமாக வண்டி ஓட்டுபவரைப் பார்த்தால், தயவுசெய்து இதைச் சொல்லிவிடுங்கள்.