ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு,

கர்ப்பிணியின் அட்டையில் ஹீமோகுளோபின் அளவை ‘ஹெச்பி 11.2’ என்று எழுதி, ‘நார்மல்தான்’ என அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. உடம்பில் இரும்புச்சத்து குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு. ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில்தான். பேறுகாலம் முழுமைக்கும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. வெறும் குதிரோடு தொடங்குபவருக்கு ஏழாம் மாதத்தில் அந்த 11.2 ஒன்பதாகிவிட்டால் அதில் வியப்பில்லை.

அந்த எண்ணாவது சரியாக எடுக்கப்படுகிறதா? சாலி குழாய் என்ற பழைய முறையில் ரத்தத்தின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதால் ஆளுக்கு ஆள் மாறும். விரல்நுனிச் சோதனையில் ஸ்பிரிட் காயும் முன்பே குத்துகிறார்கள். முதல் துளியைத் துடைப்பதில்லை. ரத்தம் வரவில்லையென்றால் விரலைப் பிழிகிறார்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைந்து காட்டும். சோதனை ஸ்டிரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறி, அதுவும் தப்பாகும். முதல் வருகையிலாவது கை நரம்பில் 2 மில்லி எடுத்து, ஊதா மூடிக் குழாயில் விட்டு, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி சிபிசி (முழு ரத்த அணுப் பரிசோதனை) செய்வதே நல்லது. குலுக்கக் கூடாது.

சிபிசி தாளில் ஹெச்பிக்குக் கீழே உள்ள வரிகளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். ஆனால் அவற்றை யாரும் படிப்பதில்லை! எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80-க்குக் கீழே, ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு) 14.5-க்கு மேலே என்றால் இரும்புக் குறைவைச் சந்தேகிக்கலாம். எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். 72-ஐ 3.9-ஆல் வகுத்தால் 18. இது 13-க்கு மேல், எனவே இரும்புக் குறைவின் பக்கம். 68-ஐ 5.4-ஆல் வகுத்தால் 12.6, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் கூறு இருக்கலாம். இது குறிப்புதான், தீர்ப்பல்ல. கர்ப்பத்தில் எம்சிவி இயல்பாகவே சற்று ஏறும். பி12 குறைவும் சேர்ந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்து எம்சிவி சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

ஐயம் தீர, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். அதற்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் ஆகும் என்பதால் எல்லோருக்கும் எழுத வேண்டியதில்லை. ஹெச்பி 10.5 முதல் 11.5 வரை உள்ளவர்கள், இரட்டைக் கரு உள்ளவர்கள், முந்தைய பிரசவம் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாதவர்கள், மாதவிடாயில் அதிகம் போனவர்கள் ஆகியோருக்குச் செய்தால் போதும். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்தது. 30-க்குக் கீழேயே மருந்து தொடங்கும் மருத்துவர்கள் பலர். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அப்போது அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் பார்க்கலாம், அல்லது உடல் தேறிய பின் எடுக்கலாம்.

அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று. ரத்தசோகை இருந்தால் மருத்துவர் இரண்டாக்குவார். டீ, காபி, கால்சியம் மாத்திரை எதுவும் அதோடு சேரக் கூடாது. மலம் கறுத்தால் பயப்படத் தேவையில்லை.

நான்கு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதிகம் விட்டுப்போகிறது. ஹெச்பி ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன், அவர் உண்மையில் விழுங்குகிறாரா, மூலத்தில் ரத்தம் போகிறதா, குடற்புழு உண்டா என்று கேளுங்கள். பிறகு தலசீமியாவுக்கான ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை). அதில் கூறு இருப்பது தெரிந்தால் கணவருக்கும் அதே வாரத்தில் எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர்கள் சிலர்