மதினி, ஓட்டை போடுவதற்கு முன்னால்

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். செங்கோட்டை வீட்டு அடுக்களை நன்றாக வந்திருக்கிறது. மைக்கா நிறம் அண்ணன் தேர்ந்தெடுத்ததில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது, அதுவரை சந்தோஷம். கடைசிப் படத்தில் ஒரு கைப்பிடிக்கு வட்டம் போட்டு, "இதையே எல்லாத்துக்கும் 4 இன்ச்ல வாங்கிரவா?" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் அண்ணன் நடுவில் புகுந்து "சரி சரி, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவான். அதனால் இங்கே எழுதுகிறேன். வீட்டு வேலை நடக்கிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

அந்த 4 இன்ச்சில்தான் நான் மாட்டினேன். கேரளத்துப் புனலூரில் எங்கள் அடுக்களை வேலை நடந்தபோது அலமாரிக் கதவு, அதாவது ஷட்டர், எல்லாம் தயார், கைப்பிடி மட்டும் வாங்கவில்லை. ஆசாரிக்கு வேலை நிற்கக் கூடாது. "எந்தா அளவு?" என்றார். நாலு இன்ச் என்றேன். மனிதர் டேப்பை வைத்துச் சரியாக 4 இன்ச்சுக்கு 14 ஷட்டரிலும் ஓட்டை போட்டுவிட்டார். மறுநாள் கடையில் 4 இன்ச் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஸ்க்ரூ ஏறுகிறது, மறுபக்கம் ஏறவில்லை. கடைக்காரர் வாயில் அது 4 இன்ச், டப்பாவில் 96 மி.மீ. நிஜமான 4 இன்ச் என்பது 101.6. ஐந்தரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இடிக்கிறது. உருண்டை அரத்தால் ஒவ்வொரு ஓட்டையையும் உள்பக்கமாக மூன்று மி.மீ. ராவினோம். இரண்டு ஷட்டரில் மைக்கா சிலும்பு தெறித்தது. ராவிய ஓட்டையில் ஸ்க்ரூ நிலைகொள்ளாமல், வாஷர் போட்டும் சில மாதத்துக்கு ஒருமுறை கைப்பிடி ஆடும். இன்றைக்கும் என் சமையலறை டிராயரில் கரண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடக்கிறது.

கைப்பிடிக்கு அளவு என்றால் ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு வரை. மொத்த நீளம் வேறு, அது மாடலுக்கு மாடல் மாறும். இந்த நடுவுக்கு நடு அளவு மி.மீ. கணக்கில் பெரும்பாலும் 32இன் மடங்காக வரும்: 64, 96, 128, 160, 192, 224, 256, 288, 320. எங்கள் ஆசாரிக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவர் மனதில் இன்னும் கோல் கணக்குதான் ஓடும். ஒரு கோலுக்கு 24 விரல், அதாவது 72 செ.மீ. அப்படியானால் ஒரு விரல் 30 மி.மீ. "ரெண்டு மில்லி கூட வெச்சு நம்ம கணக்கையே விக்கிறான்" என்றார். உங்கள் ஆசாரியிடம் இன்ச்சிலும் சொல்லாதீர்கள், விரலிலும் சொல்லாதீர்கள். கைப்பிடியையே கையில் கொடுத்துவிடுங்கள்.

சரி, எது எவ்வளவு? டிராயருக்கு அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் தப்பாது. உங்கள் 18 இன்ச் டிராயர் 450 மி.மீ. சொச்சம், அதற்கு 128 அல்லது 160. 24 இன்ச்சுக்கு 192, 224 இரண்டுமே நன்றாக இருக்கும். அடுப்புக்குக் கீழே பாத்திரம் வைக்கிற 36 இன்ச் டிராயருக்கு 96ஐ மாட்டினால் ஆனை நெற்றியில் சாந்துப்பொட்டு வைத்த மாதிரி இருக்கும். அதற்கு 288 அல்லது 320 போடுங்கள். இரண்டு சின்னக் கைப்பிடியும் வைக்கலாம்தான். ஆனால் நமக்கு ஒரு கையில் கரண்டி இருக்கும், மற்ற கையால் ஓரத்தை மட்டும் பிடித்து இழுப்போம், அகலமான டிராயர் கோணிக்கொண்டு வரும்.

கதவுகளுக்கு இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். கதவு கீலில் தானாகத் திரும்பும், இழுக்கப் பலம் வேண்டாம். 128, மிஞ்சினால் 160 போதும். மேல் அலமாரிக்குக் கீழ் மூலையில், கீழ் அலமாரிக்கு மேல் மூலையில் வையுங்கள். ஆளுயரக் கதவு ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் டிராயரில் போட்ட அதே 320. ஒரே மாடலில் இரண்டு மூன்று அளவு வாங்குவது அழகைக் கெடுக்காது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் ஒழுங்கு என்பது அண்ணன் கட்சி, நான் அதில் இல்லை.

அடுத்தது, கைவிரல் நுழைய இடம். உங்கள் ஊரில் ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கினால் மரம் கொஞ்சம் உப்பும், டிராயர் இறுகும். அப்போது இரண்டு விரல் நுனியால் இழுத்தால் வராது, நாலு விரலும் உள்ளே போக வேண்டும். கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவில் 25 மி.மீ.யாவது இடைவெளி இருக்கிறதா என்று கடையிலேயே கையை விட்டுப் பாருங்கள். நீங்கள் வட்டம் போட்ட மாடலில் கம்பியின் இரண்டு முனையும், அதைப் பலகையில் தாங்குகிற கால்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முந்தானை மாட்டும். எங்கள் வீட்டில் ஒரு பட்டுப்புடவை அப்படித்தான் போனது, அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. முனை வளைந்து பலகைக்குள்ளேயே போய்ச் சேருகிற மாடல் எடுங்கள். அந்த ஈரத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. மலிவான முலாம் பொரிந்து பொரிந்து உதிரும்.

ஸ்க்ரூவும் பாருங்கள். டப்பாவில் வருவது பெரும்பாலும் 25 மி.மீ. 18 மி.மீ. பிளைவுட் கதவுக்கு அது போதும். டிராயரில் முகப்புப் பலகை தனி, பெட்டி தனி, இரண்டும் சேர்ந்தால் 36 வரை வரும். அதற்கு 45 மி.மீ. தனியாக வாங்க வேண்டும்.

மூலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்களை எல் வடிவம் என்பதால், ஒரு பக்கத்து டிராயரைத் திறந்தால் மறுபக்கத்துக் கைப்பிடியில் போய் முட்டும்.

வாங்குவதற்கு முன்னால் பழைய பேப்பரை 128, 224, 320 நீளத்துக்குக் கீற்றாக வெட்டி டேப்பால் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அதன் மேல் கை வைத்துப் புழங்கிப் பாருங்கள். எந்த இடத்துக்குக் கை தானாகப் போகிறது என்று தெரியும். ஆச்சி வீட்டுப் பத்தாயத்துக்கு ஒற்றை இரும்பு வளையம்தான், அதை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துத் தூக்குவோமே, அப்படி அமைய வேண்டும்.

ஆசாரி வியாழக்கிழமை வருகிறார் என்றீர்கள். கைப்பிடி வரவில்லையென்றால் அன்றைக்கு அவரை லாஃப்ட் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள், டிரில்லைத் தொட விடாதீர்கள். நான் சனிக்கிழமை வருகிறேன். என்னிடம் 96இல் நாலு கைப்பிடி மிச்சம் கிடக்கிறது, குளியலறை அலமாரிக்கு வேண்டுமா?

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்